கடலைச் செடிப் படத்தில் ஒரு கறை

பிரேம் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் செத்தவர்கள். மீதிப் பாதி, அந்தச் செத்தவர் யார் வீட்டுச் சுவரில் தொங்கணும் என்று கடை வாசலில் நின்று சண்டை போடுகிறவர்கள். திருத்தணியில் மலைக்குப் போகிற ரோட்டில் என் கடை. கிருத்திகை வந்தால் முருகன் படம் போகும். மற்ற நாளில் தாத்தா, ஆயா, மாமனார். கடை திறந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் புதுசு இல்லை. என் பங்குக்குக் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன், உங்கள் பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு அடியில் கொழுந்தன்

மவுண்ட் என்று ஒரு சமாச்சாரம். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் ஓரம் கட்டுகிற அட்டை. அழகுக்காகப் போடுவது. எங்கள் பக்கத்தில் யாரையாவது மறைப்பதற்குத்தான் அதை அதிகம் கேட்பார்கள்.

அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கல்யாணப் படம் கொண்டுவந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். ஓரத்தில் அந்த அம்மாவின் கொழுந்தன் பல்லெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறான். தறி பங்கு பிரித்ததில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதாம். "அவன் மூஞ்சி தெரியக் கூடாதுங்க" என்றார். அதுக்கென்ன, வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யய்ய, வெட்டிடாதீங்க! அட்டைக்கு அடியில தள்ளுங்க போதும். பொங்கலுக்குள்ள ராசி ஆயிட்டா வெளிய எடுத்துக்கலாம்."

சட்டம் மட்டும் போதும்

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பம் ஜனார்த்தனன் குடும்பம். அவருக்கு ஐம்பது வயசு இருக்கும். அப்பா தவறி, காரியமெல்லாம் முடிந்து, அப்பாவின் கலர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் கோணியில் சுற்றிய பழைய படம் ஒன்று. பிரித்துப் பார்த்தால், இழைத்து இழைத்துச் செய்த தேக்குச் சட்டம். உள்ளே சாமியும் இல்லை, மனுஷனும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு வேர்க்கடலைச் செடி! வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வெள்ளை வேட்டிக்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டு எடுத்த படம். வேர் முழுக்கக் காய், தேன்கூட்டில் ஈ மொய்த்த மாதிரி. நான் நாய்க்கு பிரேம் போட்டிருக்கிறேன், லாரிக்குப் போட்டிருக்கிறேன். செடிக்கு அதுதான் முதல்.

"எங்க தாத்தா நெலத்துல காய்ச்சதுங்க. அந்த மாதிரி செடிய சுத்துப்பட்டுல யாரும் கண்டதில்லையாம். அரக்கோணத்துல இருந்து போட்டோக்காரனைக் கூட்டியாந்து எடுத்தாராம்" என்றார் ஜனார்த்தனன்.

ஆணியைப் பிடுங்கிப் பின்னட்டையைக் கழற்றினேன். பின்பக்கம் பூராவும் கறுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. "அடுப்பங்கரையில மாட்டியிருந்தீங்க, சரியா?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. "இல்லீங்க, மோட்டார் கொட்டாயில. அது டீசல் புகை" என்று சிரித்தார். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் குங்குமம் காய்ந்து கட்டியாக இருந்தது. அதுக்கும் அவரே கதை சொன்னார். தாத்தா காலத்தில் படம் கூடத்தில் இருந்தது. கடலை விதைக்கிற அன்றைக்கு அதுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் விதைக் கூடையைத் தூக்குவார்கள். அப்பா காலத்தில் மோட்டார் கொட்டாய்க்குப் போனது. அப்புறம் அவர் அம்மா அதைப் பரணில் ஏற்றிவிட்டார். படத்தில் செடிக்கு இடது பக்கம் ஒரு கறை. ஆள் உள்ளங்கை வைத்த மாதிரி மங்கலாக, வட்டமாக. பூசணம் பிடித்த படம் வீட்டுக்கு ஆகாது என்றாராம்.

படத்தை வெளியே எடுத்தால் மவுண்டும் கூடவே வந்தது. அந்தக் காலத்து பிரேம்காரர் மைதாப் பசையை வஞ்சனையில்லாமல் தடவி, அட்டையைப் படத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறார். சட்டத்தைத் துடைத்து, அப்பாவை உள்ளே உட்கார வைத்து, மாட்டுகிற கொக்கியும் போட்டுக் கொடுத்தேன். செடியை என்ன செய்ய என்று கேட்டேன். ஜனார்த்தனன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்:

"வச்சிக்குங்க, இல்ல குப்பையில போடுங்க. எங்கப்பாவுக்கு அந்த சட்டம் வேணும், அவ்ளோதான்."

இது எந்த ஊர் சாமி

பொட்டு வைத்த படத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. உங்களுக்கும் வராது என்று தெரியும். நம் ஆட்கள் உடைந்த சாமி படத்தைக்கூட அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவர்கள்தானே. ஒரு பழைய பிளாஸ்டிக் சட்டத்தில் செடியைப் போட்டுக் கடைச் சுவரில், முருகனுக்கும் வெங்கடாசலபதிக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் மாட்டினேன். அங்கேதான் ஆணி இருந்தது.

அதில் வந்தது வினை. மலைக்கு வருகிற ஜனங்கள் வரிசையாக முருகனைக் கும்பிட்டு, கடலைச் செடியைக் கும்பிட்டு, வெங்கடாசலபதியைக் கும்பிட்டார்கள். நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இது எந்த ஊர் அம்மவாரு என்று தெலுங்கில் கேட்டார். கண்டிகை அம்மவாரு என்று சொல்லிவைத்தேன். வேறே என்ன சொல்ல?

எதிரில் டீக்கடை சீனு. அவன் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான், மச்சான் முறை. சாயங்காலம் டீ கொண்டுவந்தவன் கறையைப் பார்த்து, "பூசணம் பாவா, தொடைச்சி விடு" என்றான். நானும் பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். பூசணம் என்றால் பஞ்சில் கொஞ்சமாவது வரும். தண்ணீர்க் கறை என்றால் ஓரத்தில் பழுப்பாகக் கோடு கட்டியிருக்கும். இது இரண்டும் இல்லை. ஸ்டுடியோவில் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பான் என்று நானாக ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சீனு கும்பிடுகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

"பூசணம் புடிச்ச செடிக்கே இவ்ளோ கூட்டம்னா, நீ எதுக்கு பாவா பிரேம் போட்டுகினு கஷ்டப்படற? முன்னாடி ஒரு தட்டை வச்சிட்டு உக்காரு."

இல்லாத போட்டோ

ஆவணி முகூர்த்தம் நெருங்குகிற சமயம். ஒரு அம்மா கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு குறைச்சல் இருக்கும். வயல்வேலைக் கை, பார்த்தாலே தெரியும். பேர் கன்னியம்மா என்றார். "அண்ணா, இல்லாத போட்டோவுக்கு பிரேம் போடுவியா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மகளுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் பேனர் கட்டப் போகிறார்கள். பேனருக்கு மேலே, தெய்வமாகிப் போனவர்களை வரிசையாகப் போடுவது இப்போது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது, பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டில் நாலு தலைமுறைக்குப் படம் கொடுத்துவிட்டார்களாம். "எங்க பக்கம் எங்க நைனா கீறாரு, எங்க வூட்டுக்காரர் கீறாரு. எங்கம்மா எல்லம்மாவுக்கு மட்டும் படம் இல்ல. அந்த எடத்துல குத்துவெளக்கு போடறேன்றாங்க. பெத்தவளுக்குப் பதில் வெளக்கா? என் மூஞ்சிய வச்சி எங்கம்மா மூஞ்சி செய்ய முடியுமா அண்ணா?"

"செய்யலாம்மா. ஜாடை இருக்குமா?"

"எப்படி இருக்கும்? நான் பாவாடை கட்டிகினு ஓடற வயசுலயே அது பூட்சி. என்னுது கெழவி மூஞ்சி. எங்கம்மாவுக்கு இப்ப என் பொண்ணு வயசு."

நான் பதில் யோசிக்கிறதுக்குள் அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. கடலைச் செடியையே பார்த்தார். கிட்டே போனார். "இது பெரிய வூட்டு செடியாச்சே" என்றார். ஜனார்த்தனன் ஊர்தான் அவருக்கும். அவர் அம்மா அந்தக் குடும்பத்து நிலத்தில் வேலை செய்தவர். செடியைப் படம் எடுத்த அன்று, ஒரு மூங்கில் கொம்பில் வேட்டியைப் போட்டு, நடுவில் செடியைக் கட்டி, கொம்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றது எல்லம்மாதான் என்று அவர் நைனா, அதாவது அப்பா, சொல்லிச் சொல்லி இவருக்கு மனப்பாடம். வேட்டி அழுக்காகிவிட்டது என்று ஜனார்த்தனனின் தாத்தா கத்தினார் என்பதுவரை.

படத்தின் ஓரத்தையெல்லாம் விரலால் தேடினார். "கைகூட தெரியலியே. வலது கையில, உள்பக்கம், தேள் பச்ச குத்தியிருக்கும். அதுமேல விரலை வச்சிகினுதான் தூங்குவேன்." நான் மவுண்டைப் பார்த்தேன். கை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோனது. அடியில் தள்ளப்பட்ட கொழுந்தன்கள் எத்தனை பேரைப் பார்த்தவன் நான்! சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவிக்கிறபோது கன்னியம்மா சொன்னார்:

"போட்டோவுல வரப்போறோம்னு தல நெறைய எண்ணெ வச்சி, வழிச்சி வாரி, கனகாம்பரம் வச்சிகினு போச்சாம் அண்ணா. போனா, துணிக்குப் பின்னாடி நில்லுன்னுட்டானாம் போட்டோக்காரன்."

செடி யாருடையது

கை அட்டைக்கு அடியில் இருக்கும் என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன். தூக்கிப் போடச் சொன்ன பொருளானாலும் கேட்காமல் அட்டையைப் பிரிக்கிறது முறையில்லை. ஜனார்த்தனனுக்குப் போன் போட்டேன். கன்னியம்மா சொன்னதையெல்லாம் கேட்டதும் வண்டியில் வந்து இறங்கிவிட்டார். கன்னியம்மா எழுந்து நின்றார். "உக்காரும்மா" என்றார் அவர். ஆனாலும் முகம் சரியாக இல்லை. "படத்தைக் குடுங்க, நான் எடுத்துகினு போறேன்" என்றார்.

"குப்பையில போடச் சொன்னீங்களே?"

"சொன்னேன். உள்ள ஆளு கீதுன்னு சொன்னாங்களா எனக்கு? எங்க தாத்தா ஆசையா வளத்த செடி. அவர் பக்கத்துல நிக்காமலா இருந்திருப்பாரு? அவர் படம்னு எங்ககிட்ட கீறது, படுக்கையில விழுந்தப்பறம் எடுத்தது ஒண்ணுதான். நல்லா நடமாடனப்போ எப்படி இருந்தாருன்னு நாங்க பார்த்ததே இல்ல."

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். கன்னியம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். பசை நேராகப் படத்தின் மேல் இருக்கிறது. ஈரம் காட்டி இளக்கணும். ஈரம் கொஞ்சம் ஜாஸ்தியானால் படத்தின் தோலே அட்டையோடு உரிந்து வந்துவிடும். அப்புறம் தாத்தாவும் இல்லை, எல்லம்மாவும் இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "பிரி அண்ணா. யாரு வெளிய வர்றாங்களோ அவங்க வூட்டுக்குப் படம் போவட்டும். சரியா சின்ன நைனா?" என்று ஜனார்த்தனனைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் வந்தா?" என்றார் ஜனார்த்தனன்.

"வந்தா இன்னா? வயல்ல ஒண்ணாத்தானே நின்னுகினு இருந்தாங்க."

கெட்டில் ஆவி

சீனு கடையிலிருந்து கெட்டில் வந்தது, ஆவி பறக்க. டீக்கடையை அப்படியே விட்டுவிட்டு சீனுவும் கூடவே வந்துவிட்டான். அட்டையை ஆவியில் காட்டிக் காட்டி, மேல் அடுக்கை உரித்து, அடுத்த அடுக்கை உரித்து, கடைசியாகத் தாள் மாதிரி ஆனபோது ஈரப் பஞ்சை ஒற்றி வைத்துக் காத்திருந்தேன். சீனு, "பாவா, இழு பாவா" என்று அவசரப்படுத்தினான். அவனை டீ போடத் துரத்தினேன்.

முதலில் வலது பக்கம். ஜனார்த்தனன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார். தாள் மெள்ள எழுந்து வந்தது. ஒரு கொம்பு முனை. அதைப் பிடித்த ஒரு கை. கண்ணாடி வளையல். பின்னால் வரப்பு, ஒரு பனைமரம். வேறு யாரும் இல்லை. அடுத்தது கீழே. சேற்றுக் கால் இரண்டு, வேட்டிக்கு அடியில். கடைசியாக இடது பக்கம். அங்கே பசை முரடு. ஒரு மூலையில் பொட்டு அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது. அப்புறம் கொம்பின் மறு முனை, பிடித்த விரல்கள், மணிக்கட்டு. மணிக்கட்டுக்குக் கீழே, வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு தேள்.

கன்னியம்மா அழவில்லை. தேள் மேல் விரலை வைக்கப் போனவர், "ஈரமா கீதா?" என்று கேட்டுவிட்டு விரலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "மூஞ்சி துணிக்கு அந்தாண்ட பூட்சி. பரவால்ல, கை வந்திச்சே" என்றார்.

ஜனார்த்தனனின் தாத்தா வரவில்லை. படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, இந்தக் கை, அந்தக் கை, கால் என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கைக்கும் நடுவில், செடிக்கு இடது பக்கம், அந்தக் கறையில் வந்து நின்றார். "வேட்டி எதனால அழுக்காச்சின்னு எங்க தாத்தா கத்தினாராம்?" என்று கேட்டார்.

"எங்கம்மா தலை பட்டு எண்ணெ ஆயிடுச்சின்னு" என்றார் கன்னியம்மா.

எண்ணெய் பட்ட துணி கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தெரியும் இல்லையா? காற்றுக்கு வேட்டி தலையோடு ஒட்டியிருக்கிறது. மங்கலாக, வட்டமாக, நாங்களெல்லாம் பூசணம் என்று சொன்ன இடத்தில், நடுவில் மெல்லிசாக ஒரு வகிடு. அதுக்குக் கீழே நெற்றி. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மூக்கு மாதிரி ஒரு மேடு. நான் பஞ்சு வைத்துத் துடைத்த இடம்! ஜனார்த்தனன் படத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினார்.

"கறை படத்துல இல்லம்மா, வேட்டியில கீது. உங்கம்மா மூஞ்சியத்தான் பூசணம்னு நாங்க பரண்ல ஏத்தி வச்சிருந்தோம்."

பளிச்சென்று ஒரு பேனர்

பேனர் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் ரேவதி. கெட்டிக்காரி. படத்தைக் கன்னியம்மா அவளிடம் கொடுத்து, அவள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, அடிக்கிறதுக்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டாள். கன்னியம்மா துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மேலே வரிசையாக முகங்கள். மாப்பிள்ளையின் தாத்தா மீசையோடு, ஆயா மூக்குத்தியோடு. அந்தப் பக்கம் கன்னியம்மாவின் நைனா, வீட்டுக்காரர். நைனாவுக்குப் பக்கத்தில் தங்க நிற வளையத்துக்குள் ஒரு கடலைச் செடி, இரண்டு கை, இரண்டு கால். கீழே "தெய்வத்திரு எல்லம்மா". செடி இலை இலையாகத் தெரிகிறது. வேட்டி சோப்பு விளம்பரத்து வேட்டி மாதிரி வெள்ளை வெளேர்.

"ரொம்ப பழைய படம் தாத்தா. பக்கத்துல பெரிசா ஒரு அழுக்கு இருந்துச்சி, ஒரு மணி நேரம் உக்காந்து சுத்தமா எடுத்துட்டேன். பளிச்சுனு கீது பாருங்க" என்றாள் ரேவதி என்னிடம், ஒரு சபாஷ் எதிர்பார்த்து.

கன்னியம்மா பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நான்தான் கேட்டேன், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா என்று. ரேவதி எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். அழுக்கை எடுக்கச் சொல்லி வருகிறவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள். வேட்டியில் மெள்ள, மங்கலாக, வகிடெடுத்த தலை திரும்பி வந்தது. கன்னியம்மா கம்ப்யூட்டர் திரைக்குக் கிட்டே போய்க் கை விரித்து நின்றுகொண்டார், யாரும் அதைத் தொடக் கூடாது என்கிற மாதிரி.

"இருக்கட்டும்மா, தொடைச்சிடாத. அழுக்கு இல்ல அது, அதான் எங்கம்மா."

ஆயுசு பூராவும் படத்திலிருக்கிற கறையை எடுத்தே வயிறு வளர்த்த என்னை, ஒரு கறையை எடுக்காமல் விட்டதுக்காகக் கல்யாணத்தன்று முதல் பந்தியில் ஜனார்த்தனனுக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்து, ஜாங்கிரி போதும் போதும் என்கிற வரைக்கும் போட்டார்கள்.